வீரரும் சாட்சிக் கூண்டும்

ஒரு தேசத்தின் மதிப்பு அதன் பரப்பையும் ஜனத்தொகையையும் மட்டும் பொறுத்ததன்று என்பதற்குக் குரோஷியாவைக் காட்டிலும் தெளிவான அத்தாட்சி தேடவேண்டியதில்லை. 2021 ஆம் வருஷத்து ஜனத்தொகைக் கணக்குப்படி அத்தேசத்தில் வசிப்போர் 39 லட்சத்துக்கும் குறைவு. 1991 ஜூன் 25 ஆம் தேதியன்று யுகோஸ்லாவியாவிலிருந்து பிரிந்து சுதந்திரப் பிரகடனம் செய்த இந்தச் சிறிய நாடு, உலகக் கோப்பைக் கால்பந்துப் பந்தயத்தில் 1998 இல் மூன்றாவது ஸ்தானத்தையும், 2018 இல் இரண்டாவது ஸ்தானத்தையும், 2022 இல் மீண்டும் மூன்றாவது ஸ்தானத்தையும் பெற்றது. பிந்திய இரண்டு பந்தயங்களிலும் கோஷ்டிக்குத் தலைமை வகித்தவர் லூக்கா மோட்ரிச். அவருடைய கீர்த்தியை உலகம் அறியும். ஆனால் அவர் 2017 ஆம் வருஷம் ஜூன் மாதத்தில் ஓசியெக் நகரத்து நியாயஸ்தலத்தில் சாட்சி சொல்லப் போய், முக்கியமான கேள்விக்குத் தமக்கு ஞாபகமில்லை என்று விடையளித்ததை உலகம் அவ்வளவாக அறியாது; அறிந்தவரும் மறந்துவிட விரும்புகிறார்கள். தேசத்தின் பெயரை உயர்த்திய ஒருவர் தேசத்தின் கோர்ட்டுக்கு எவ்வளவு கடமைப்பட்டவர் என்பதே இன்று நாம் ஆராய எடுத்துக்கொண்ட விஷயம்.

முதலில் அவருடைய வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்வோம். மோட்ரிச் 1985 செப்டம்பர் 9 ஆம் தேதி, ஆட்ரியாட்டிக் கடற்கரையிலுள்ள ஸாதர் நகரில் பிறந்தார். வெலெபிட் மலையடிவாரத்து மோட்ரிச்சி என்ற சிற்றூரே அவருடைய குடும்பத்தின் பூர்விகம். அங்கே அவருடைய பாட்டனார் வசித்துவந்தார். பேரனுக்கு வைத்ததும் அவருடைய பெயர்தான். 1991 டிசம்பரில், அந்தப் பாட்டனாரைச் செர்பியக் கலகப்படையினர் சுட்டுக் கொன்றார்கள். குடும்பத்தார் வீட்டைவிட்டு ஓடி, ஸாதர் நகரத்து விடுதிகளில் அகதிகளாகப் பல வருஷங்கள் காலந்தள்ளினர். தகப்பனார் யந்திரத் தொழிலாளி. சண்டை மூண்டதும் குரோஷியப் படையில் சேர்ந்தார். குண்டுகள் விழும் நகரில், விடுதியின் வாகனங்கள் நிற்கும் திடலில் பந்தை உதைத்துக் காலங்கழித்த பிள்ளைதான் பிற்காலத்தில் உலகின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் என்ற பட்டத்தைப் பெற்றார்.

அந்தப் பட்டம் எளிதில் வரவில்லை. ஸ்பிளிட் நகரத்து ஹைடூக் கிளப் அவரைப் பார்த்துவிட்டு, உடல் சிறியது என்று திருப்பி அனுப்பியது. தலைநகரான ஸாக்ரெப்பிலுள்ள தினமோ கிளப் சேர்த்துக்கொண்டது. எனினும் உடனே முதல் கோஷ்டியில் இடங்கொடுக்கவில்லை. 18 வயதில் அவரை அண்டை நாடான பாஸ்னியாவிலுள்ள மோஸ்தார் நகரத்து ஸ்ரின்ஸ்கி கிளப்புக்கு இரவலாக அனுப்பினார்கள். முரட்டாட்டத்துக்குப் பேர்போன அந்த மைதானங்களில் மெலிந்த தேகமுடைய இந்த வாலிபர் நசுங்கிப்போவார் என்று நினைத்தவர்கள் ஏமாந்தார்கள். மறுவருஷம் ஸாப்ரெஷிச் நகரத்து இன்டர் கிளப்பில் இரவல். அந்தச் சிறு கிளப் தேசிய லீகில் இரண்டாவதாக வந்தது. பிறகு தினமோவில் 2006, 2007, 2008 ஆகிய மூன்று வருஷங்களிலும் தொடர்ச்சியாக லீக் வெற்றி. 2006 மார்ச் 1 ஆம் தேதி அர்ஜென்டினாவை எதிர்த்துத் தேசிய கோஷ்டியில் முதல்முறையாக ஆடினார்.

2008 இல் லண்டனிலுள்ள டாட்டன்ஹாம் கிளப், 1 கோடியே 65 லட்சம் பவுன் கொடுத்து அவரைத் தினமோவிடமிருந்து வாங்கியது. இந்தத் தொகையை வாசகர்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் நாம் சொல்லப்போகும் விவகாரத்தின் வேர் இதிலேயே இருக்கிறது. 2012 இல் ஸ்பெயின் தேசத்து ரியால் மாட்ரிட் கிளப்புக்குப் போனார். அவ்வருஷத்து மோசமான கொள்முதல் இவர்தான் என்று அங்கே ஒரு பத்திரிகையின் வாசகர்கள் வாக்களித்தார்கள். அவர் வாயால் பதில் சொல்லவில்லை. 2014 இல் லிஸ்பன் நகரில் நடந்த ஐரோப்பியக் கோப்பை இறுதியாட்டத்தில், தோல்வி நிச்சயம் என்றிருந்த கடைசி நிமிஷத்தில் மூலையிலிருந்து அவர் உதைத்த பந்தை ராமோஸ் தலையால் முட்டிச் சமன் செய்தார். ஆட்டமும் கோப்பையும் மாட்ரிட் வசமாயின. 2016, 2017, 2018, 2022, 2024 ஆகிய வருஷங்களிலும் அதே கோப்பை. ஆறு முறை ஐரோப்பியக் கோப்பையைப் பெற்றவர்கள் இந்த ஆட்டத்தின் சரித்திரத்தில் விரல்விட்டு எண்ணத்தக்கவர்களே.

2018 ஆம் வருஷம் ரஷ்யாவில் நடந்த உலகக் கோப்பை அவருடைய வாழ்க்கையின் சிகரம். அர்ஜென்டினாவைக் குரோஷியா 3-0 என்று தோற்கடித்தது. டென்மார்க்குடன் நடந்த ஆட்டத்தில், கூடுதல் நேரம் முடியுந்தறுவாயில் மோட்ரிச் உதைத்த பெனால்ட்டியைக் காவலர் தடுத்துவிட்டார். சில நிமிஷங்களுக்குள், வெற்றி தோல்வியைத் தீர்மானிக்கும் உதைகளில், அதே காவலருக்கு எதிரே மறுபடி போய் நின்று பந்தை உள்ளே செலுத்தினார். மனோதிடம் என்பது இதுவே. ரஷ்யாவுடனும் இங்கிலாந்துடனும் நடந்த ஆட்டங்களும் கூடுதல் நேரத்துக்கு நீண்டன. மூன்று முறை 120 நிமிஷம் ஓடிய கால்களுடன் ஜூலை 15 ஆம் தேதி மாஸ்கோவில் பிரான்ஸைச் சந்தித்து 4-2 என்று குரோஷியா தோற்றது. தோற்றும், பந்தயத்தின் தலைசிறந்த ஆட்டக்காரருக்குரிய தங்கப் பந்து மோட்ரிச்சுக்கே கிடைத்தது. ஸாக்ரெப்பில் சுமார் 5 லட்சம் ஜனங்கள் தெருவில் நின்று கோஷ்டியை வரவேற்றனர். தேசத்தின் எட்டில் ஒரு பங்கு ஜனங்கள் ஒரே நகரில் திரண்டார்கள் என்றால் அந்த உற்சாகத்துக்கு வேறு வர்ணனை வேண்டுமா? அவ்வருஷம் டிசம்பரில் பாரிஸ் நகரில் அவருக்கு ‘பாலோன் தோர்’ விருது அளிக்கப்பட்டது. பத்து வருஷங்களாக மெஸ்ஸியும் ரொனால்டோவுமே மாறி மாறிப் பெற்றுவந்த விருது அது.

இனி, நாணயத்தின் மறுபக்கத்தைத் திருப்புவோம்.

தினமோ கிளப்பை அந்நாட்களில் தம் கைக்குள் வைத்திருந்தவர் ஸ்திராவ்கோ மாமிச் என்பவர். கிளப்பின் நிர்வாகம் அவரிடம். பயிற்சியாளராகவும் நிர்வாகியாகவும் அவருடைய சகோதரர். ஆட்டக்காரர்களின் ஏஜெண்டுத் தொழிலில் அவருடைய புதல்வர். தேசியக் கால்பந்து சம்மேளனத்திலும் மாமிச் உபதலைவராக இருந்தார். விற்பவரும் தரகரும் விற்பனையை மேற்பார்வை செய்ய வேண்டியவரும் ஒரே குடும்பமாயிருந்தால் கணக்கு எப்படியிருக்கும் என்பதை வியாபாரம் அறிந்தவர்களுக்கு நாம் விவரிக்க வேண்டுவதில்லை. தினமோ கிளப்போ தனிமனிதர் சொத்தன்று. அந்நாட்டுச் சட்டப்படி அது பிரஜைகளின் சங்கம், லாபம் நோக்காதது, பொதுப்பணமும் பொது வசதிகளும் பெற்று நடப்பது. அதன் பெட்டியிலிருந்து எடுத்த ஒவ்வொரு காசும் பொதுச்சொத்திலிருந்து எடுத்ததாகும்.

பிராசிக்யூஷன் தரப்பார் சொன்ன குற்றச்சாட்டின் சாரம் இதுதான்: தினமோ கிளப் ஓர் ஆட்டக்காரரை வெளிநாட்டுக்கு விற்றால், விலையில் ஒரு பெரும்பங்கு ஆட்டக்காரருக்கே சேரும் என்று ஒப்பந்தத்துக்கு ஓர் அனுபந்தம் எழுதப்படும். ஆட்டக்காரர் அந்தப் பணத்தை வாங்கியபின் அதில் பெரும்பகுதியை மாமிச் குடும்பத்தாரிடம் கொடுத்துவிடுவார். மேலெழுந்தவாரியாகப் பார்த்தால் எல்லாம் காகிதப்படி கிரமமாகவே இருக்கும். கிளப் ஆட்டக்காரருக்குக் கொடுத்தது. ஆட்டக்காரர் தமக்கு இஷ்டமானவருக்குக் கொடுத்தார். ஆகவே வழக்கு முழுவதும் ஒரு தேதியில் போய் நின்றது. அந்த அனுபந்தம் விற்பனைக்கு முன்பே எழுதப்பட்டதா? அல்லது விற்பனை முடிந்து விலை தெரிந்தபிறகு எழுதி, முன்தேதி போடப்பட்டதா? முன்பே எழுதியிருந்தால் அது ஒப்பந்தம். கிளப்புக்கு நஷ்டமாயினும் சட்டம் தலையிட முடியாது. பின்னால் எழுதியிருந்தால், கிளப்புக்கு வந்து சேர்ந்துவிட்ட பணத்தை எடுத்துச் செல்லப் பொய்யாய்ச் சிருஷ்டித்த தஸ்தாவேஜு அது. ஒரு சிறு தேதிதான். ஆனால் வியாபாரத்துக்கும் கொள்ளைக்கும் நடுவேயுள்ள எல்லைக்கோடு அதுவே.

அந்தத் தேதியை நேரடியாக அறிந்தவர்களுள் ஒருவர் மோட்ரிச். கையெழுத்திட்டவரே அவர்தான். 2015 இல் விசாரணை அதிகாரிகளிடம் கொடுத்த வாக்குமூலத்தில், டாட்டன்ஹாமுக்குப் போனபிறகே அனுபந்தம் எழுதப்பட்டது என்று அவர் சொன்னதாகப் பதிவாகியிருந்தது. 2017 ஜூனில் கோர்ட்டில் ஏறியபோது அவருடைய சாட்சியம் மாறிற்று. அனுபந்தம் முன்னமே எழுதப்பட்டது என்றார்; முந்திய வாக்குமூலத்தில் அப்படிச் சொல்லவில்லை என்றார்; துருவிக் கேட்டபோது ஞாபகமில்லை என்றார். நியாயஸ்தலங்களில் பழகியவர்கள் இந்த ‘ஞாபகமில்லை’யை நன்கு அறிவார்கள். பொய் சொல்லப் பயப்படும் சாட்சிக்கும் உண்மை சொல்லப் பயப்படும் சாட்சிக்கும் அது ஒருங்கே உதவும் குடை. உண்மையாகவே மறந்தவருக்கும் அதுவே பதில் என்பதால், யாரையும் அந்த ஒரு சொல்லைக்கொண்டு குற்றவாளியாக்கவும் முடியாது.

ஜனங்கள் கொதித்தெழுந்தார்கள். அவர்கள் கோபம் புதிதன்று. ஓராண்டுக்கு முன், 2016 ஜூனில், பிரான்ஸில் நடந்த ஐரோப்பியப் பந்தயத்தில் குரோஷியா செக் தேசத்தைவிட முந்தியிருந்த நேரத்தில், குரோஷிய ரசிகர்களே தீப்பந்தங்களை மைதானத்தில் எறிந்து ஆட்டத்தை நிறுத்தினார்கள். ஆட்டம் 2-2 என்று முடிந்தது. தம் தேசத்து வெற்றியைத் தாமே கெடுத்துக்கொள்ளும் அளவுக்குச் சம்மேளன நிர்வாகத்தின்மேல் அவர்களுக்கு வெறுப்பு முற்றியிருந்தது. அம்முறையை நாம் ஆதரிக்கவில்லை. தீ எறிவது நிர்வாகச் சீர்திருத்தத்துக்கு வழியன்று. ஆனால் அந்தத் தீ எங்கிருந்து பிறந்தது என்று விசாரியாமல் தண்டனை மட்டும் விதித்தவர்களும் தங்கள் கடமையைச் செய்தவர்களல்லர். மோட்ரிச்சின் சாட்சியத்துக்குப்பின், அவரை நேற்றுவரை கொண்டாடிய அவருடைய சொந்த நகரத்திலேயே சுவர்களில் அவரை ஏளனம் செய்யும் எழுத்துக்கள் தோன்றின.

2018 மார்ச்சில் பொய்ச்சாட்சி சொன்னதாக மோட்ரிச் மீதே குற்றச்சாட்டு வந்தது. நிரூபணமானால் ஐந்து வருஷம்வரை சிறைவாசம் விதிக்க இடமுள்ள குற்றம் அது. ஜூன் 6 ஆம் தேதி மாமிச்சுக்கு ஆறரை வருஷச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது; கிளப்புக்கு நேர்ந்த நஷ்டம் சுமார் 11 கோடியே 60 லட்சம் குனா என்று கணக்கிடப்பட்டது. தீர்ப்புக்கு முன்பே அவர் எல்லை தாண்டிப் பாஸ்னியாவுக்குப் போய்விட்டார். அந்நாட்டுப் பிரஜாவுரிமையும் அவருக்கு இருந்ததால் அவரைப் பிடித்து ஒப்படைக்கவில்லை. 2021 மார்ச்சில் சுப்ரீம் கோர்ட்டு தண்டனையை ஊர்ஜிதம் செய்தது. மோட்ரிச் மீதிருந்த பொய்ச்சாட்சிக் குற்றச்சாட்டோ 2018 ஆம் வருஷம் முடிவதற்குள் தள்ளுபடியாயிற்று. ஆகையால் சட்டத்தின் கண்ணில் அவர் நிரபராதி. இதை நாம் தயக்கமின்றிச் சொல்கிறோம். நிரூபிக்கப்படாத குற்றத்தை ஒருவர் தலையில் சுமத்துவது பத்திரிகைத் தொழிலுக்கு அழகன்று.

ஆனால் சட்டம் விடுவித்தது ஒன்று. பொதுஜனங்கள் கேட்கும் கேள்வி மற்றொன்று. அந்தக் கேள்விக்கு அவருடைய ஆதரவாளர்கள் இரண்டு சமாதானங்கள் சொல்கிறார்கள். அவற்றை எடைபோட்டுப் பார்ப்போம்.

முதல் சமாதானம், அவர் அந்நாளில் ஏழை வாலிபர். கிளப் முதலாளியின் பிடியில் சிக்கியவர். காகிதத்தை நீட்டியபோது கையெழுத்துப் போடுவதன்றி வேறு என்ன செய்வார் என்பது. இதில் பெரும் உண்மை இருக்கிறது. அகதியாய் வளர்ந்த பிள்ளைக்கு முதல் பெரிய ஒப்பந்தம் கிடைத்ததும், பெற்றோர் தலைசாய்க்க வீடு வாங்குவதே முதல் எண்ணமாயிருக்கும். அப்பேர்ப்பட்டவன் முன் வக்கீல் எழுதிய ஷரத்துக்களை வைத்தால் அவற்றை வாசித்துத் தர்க்கம் செய்வான் என்று எதிர்பார்ப்பது நியாயமன்று. கையெழுத்துக்காக மோட்ரிச்சைக் குறைகூறுவோர் அந்தக் கிளப்பின் அதிகாரத்தை அறியாதவர்கள். ஆனால் இந்தச் சமாதானம் 2008 வரைதான் செல்லும். 2017 இல் சாட்சிக் கூண்டில் நின்றவர் அந்த ஏழை வாலிபரல்லர். மூன்று முறை ஐரோப்பியக் கோப்பை வென்றவர். செல்வமும் கீர்த்தியும் உள்ளவர். வேறு தேசத்தில் வசிப்பவர். மாமிச்சுக்குப் பயப்பட வேண்டாத நிலைமையை அடைந்தவர் குரோஷியாவில் யாரேனும் இருந்தால் அது அவராகத்தான் இருக்க வேண்டும். அவரே தெளிவாகப் பேசவில்லையென்றால், இன்று அதேபோன்ற அனுபந்தத்துக்கு முன் உட்கார்ந்திருக்கும் 18 வயது வாலிபன் எந்தத் தைரியத்தில் பேசுவான்?

இரண்டாவது சமாதானம், தேசத்துக்கு இவ்வளவு கீர்த்தி தேடிக்கொடுத்தவரைக் கோர்ட்டுக்கு இழுப்பது தேசத்துரோகம் என்பது. இது ஆபத்தான வாதம். தேசபக்தியின் பெயரால் சொல்லப்படுவதால் இதன் ஆபத்து இரட்டிப்பு. ஜனங்கள் எதற்காகச் சுதந்திரம் கேட்டார்கள்? தங்கள் கொடி மைதானத்தில் பறக்க வேண்டும் என்பதற்காக மட்டுமா? தங்கள் சட்டம், தங்கள் நியாயஸ்தலம், தங்கள் பொதுச்சொத்து ஆகியவற்றைத் தாங்களே பாதுகாத்துக்கொள்ள வேண்டும் என்பதற்காக அல்லவா? அந்நியன் கொள்ளையடித்தால் அக்கிரமம், நம்மவன் கொள்ளையடித்தால் அது வீட்டு விவகாரம் என்று சொல்லும் தேசபக்தி, எஜமானனை மாற்றிக்கொண்டதேயன்றி அடிமைத்தனத்தை விட்டதாகாது. மேலும், இந்த வாதத்தால் நிஜமாக நன்மையடைந்தவர் மோட்ரிச் அல்லர். வீரரின் புகழ் என்னும் நிழலில் ஒதுங்கிக்கொண்டது அவரை விற்றுப் பணம் தேடியவர்தாம்.

1998 இல் ஆறு கோல் போட்டுத் தங்கப் பாதுகை பெற்ற தாவோர் ஷூக்கர், 2012 முதல் 2021 வரை சம்மேளனத் தலைவராயிருந்தார். அந்தக் காலத்தில் உண்மையான அதிகாரம் மாமிச்சின் கையிலேயே இருந்தது என்று அவரை எதிர்த்தவர்கள் சொல்லிவந்தார்கள். அது எப்படியாயினும் ஒன்று நிச்சயம்: வீரர்களின் படத்தை முன்னால் மாட்டிவைத்தால், பின்னால் கணக்குப் புத்தகத்தை யாரும் திறந்து பார்க்கமாட்டார்கள். சிறிய தேசங்களுக்கு இந்த அபாயம் அதிகம். பெரிய தேசத்துக்குப் பெருமைப்பட ஆயிரம் விஷயங்கள் இருக்கும். சிறிய தேசத்துக்கு உலகம் அறிந்த பெயர் ஒன்றிரண்டே இருக்கும். அந்தப் பெயரைத் தொடவே ஜனங்கள் அஞ்சுவார்கள்.

மோட்ரிச்சின் ஆட்டம் அதற்குப்பிறகும் தளரவில்லை. 2022 இல் கத்தார் தேசத்தில் பிரேஸிலை வீழ்த்திய கோஷ்டிக்கு 37 ஆவது வயதில் அவரே தலைவர். 2024 இல் இத்தாலிக்கு எதிராக ஒரு பெனால்ட்டியைத் தவறவிட்டு, அடுத்த நிமிஷமே கோல் போட்டு, ஐரோப்பியப் பந்தயத்தில் கோல் போட்டவர்களுள் மிக மூத்தவர் என்று பெயர் பெற்றார். 2025 இல் மாட்ரிட்டைவிட்டு மிலான் கிளப்புக்குச் சென்றார். சுவரில் எழுதியவர்களிலும் அநேகர் இதற்குள் அவரை மன்னித்துவிட்டார்கள். மன்னிப்பது ஜனங்களின் உரிமை. அதில் நமக்கு ஆட்சேபம் இல்லை. மன்னிப்பு மறதியாகிவிடக் கூடாது என்பதே நமது கவலை.

மறக்காதவர்களும் அங்கே இருந்தார்கள் என்பது ஆறுதல். முன்பு மோட்ரிச்சைத் திருப்பி அனுப்பிய ஹைடூக் கிளப்பில், 2011 முதலே மேற்பார்வைச் சபையை அங்கத்தினர்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் முறை நடைபெற்று வருகிறது. தினமோவிலும் ஓர் அங்கத்தினருக்கு ஒரு வாக்கு வேண்டும் என்று ரசிகர்கள் வருஷக்கணக்காகப் போராடினார்கள். 2025 ஆம் வருஷத்தில் அங்கத்தினர் வாக்களித்த தேர்தலில் சீர்திருத்தக் கட்சியார் வென்று, 1998 ஆம் வருஷத்துக் கோஷ்டியின் தலைவரான ஸ்வோனிமிர் போபன் கிளப் தலைவரானார். தீப்பந்தம் சாதிக்காததை வாக்குச்சீட்டு சாதித்தது. இனி அங்கத்தினர்கள் செய்யவேண்டியதும் தெளிவு. ஆட்டக்காரரின் ஒப்பந்தமும் அதன் அனுபந்தங்களும் கையெழுத்தான அன்றே சம்மேளனத்தில் பதிவு செய்யப்பட வேண்டும். பதிவாகாத காகிதம் செல்லாது என்று விதிக்க வேண்டும். கிளப் நிர்வாகியின் குடும்பத்தார் ஏஜெண்டாயிருக்கக் கூடாது. இளைஞன் கையெழுத்திடுமுன் கிளப்பைச் சாராத வக்கீல் ஒருவரின் ஆலோசனை அவனுக்குக் கிடைக்க வேண்டும். இவ்வளவும் இருந்திருந்தால், ஒரு தேதியைப் பற்றி எவருடைய ஞாபக சக்தியையும் கோர்ட்டார் நம்பியிருக்க நேர்ந்திராது. மோட்ரிச்சும் அந்தக் கூண்டில் நின்றிருக்க வேண்டியதில்லை.

லூக்கா மோட்ரிச்சின் ஆட்டத்தைக் குரோஷிய ஜனங்கள் தலைமுறை தலைமுறையாகப் பேசுவார்கள், பேசவும் வேண்டும். டென்மார்க்கின் காவலர் முன் இரண்டாம் முறை போய் நின்ற அந்தத் தைரியத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். கூடவே, ஓசியெக் கோர்ட்டில் அந்தத் தைரியம் வேண்டியிருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். பந்தயத்தில் தோற்ற தேசம் நான்கு வருஷத்தில் மறுபடி ஆடலாம். சாட்சிக் கூண்டில் உண்மை தோற்றால், அந்த நஷ்டத்தை ஈடுசெய்யக் கோப்பை எதுவும் இல்லை.